தானே விழிக்கும் செயலிகள்

கைக்குள் அடங்கும் கணிப்பொறி இன்று தாராவிச் சந்திலும், மாதுங்கா மாடியிலும், செம்பூர்க் குடியிருப்பிலும் உண்டு. நாம் அதனைத் தொலைபேசி என்றே வழங்குகிறோம். அஃது அணைந்து மீண்டும் எழும்போது, நாம் தொடாமலே எந்தச் செயலி இயங்க வேண்டும் என்பதை வகுத்து வைத்தல் சிறு வேலையே. ஆயினும் நம்மவர் பலருக்கு அதனால் விளையும் நன்மை பெரிது.

விடியுமுன் இட்லிப் பாத்திரத்துடன் தாராவியினின்று புறப்படும் நம் உடன்பிறப்புகளை எண்ணிப் பாருங்கள். 2016-ஆம் ஆண்டில் யூபிஐ வந்தபின், வாடிக்கையாளர் பலர் சில்லறைக்கு மாறாகத் தொலைபேசி வழியே பணம் செலுத்துகின்றனர். ‘இத்தனை ரூபாய் வந்தது’ எனக் குரல் கொடுக்கும் செயலியை நம்பியே விற்பவர் அடுத்தவரைக் கவனிக்கிறார். மின்கலம் தீர்ந்து கருவி ஒருமுறை அணைந்து எழுந்தால், அக்குரல் எழாமற் போகலாம். பணம் வந்ததா, இல்லையா என்னும் ஐயம், நெரிசல் வேளையில் நட்டத்திலோ சண்டையிலோ முடியும்.

இதன் இயல்பை அறிவது எளிது. ஆண்ட்ராய்டு கருவி எழுந்தவுடன் அச்செய்தியைச் செயலிகளுக்கு அறிவிக்கிறது. அதனைக் கேட்க அனுமதி பெற்றவை தாமே இயங்கும். ஆனால் நிறுவியபின் ஒருமுறையேனும் திறக்கப்படாத செயலிக்கு அறிவிப்பு எட்டாது. ‘ஃபோர்ஸ் ஸ்டாப்’ கொடுத்து நிறுத்தப்பட்டதும் நாம் மீண்டும் திறக்கும்வரை உறங்கும். பூட்டு எண்ணை இடும்வரை பெரும்பாலான செயலிகள் விழிப்பதில்லை.

ஆகவே செய்ய வேண்டுவன மூன்று. முதலாவது, கருவி எழுந்ததும் பூட்டைத் திறத்தல். இரண்டாவது, செட்டிங்ஸ் பகுதியில் அச்செயலியின் பேட்டரிப் பயன்பாட்டுக்குள்ள கட்டுப்பாட்டை நீக்குதல். மூன்றாவது, ஷாவ்மி போன்ற கருவிகளில் உள்ள ‘ஆட்டோஸ்டார்ட்’ பட்டியலில் அதற்கு இசைவு தருதல். பின்னர்க் கருவியை அணைத்து எழுப்பி, வீட்டார் ஒருவரை ஒரு ரூபாய் அனுப்பச் செய்து சோதித்தல் நன்று. ஐபோனில் கருவி எழுந்தவுடன் செயலிகளைத் தாமே திறக்கச் செய்ய இடமில்லை; ‘ஷார்ட்கட்ஸ்’ வழியே குறித்த நேரத்தில் ஒன்றைத் திறக்குமாறு அமைக்கலாம்.

இவ்வேற்பாடு புதிதன்று. முன்னாளில் பாக்கெட் பிசி கருவிகளில், ‘ஸ்டார்ட்அப்’ என்னும் கோப்புறையில் ஒரு குறுக்குவழியை இட்டால், கருவி எழுந்ததும் அச்செயலி திறந்துகொள்ளும். 2004-இல் பெங்களூரு அறிஞர் ஆக்கிய சிம்ப்யூட்டர் விற்பனைக்கு வந்தது. எளியவரும் பயன்படுத்த வேண்டும் என்பதே அதன் நோக்கம். அக்கருவி மறைந்தது, அந்நோக்கம் மறைதல் ஆகாது.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். தானே எழும் உரிமையைக் கள்வரும் நாடுவர். திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்புகளைத் திறவாதீர் எனக் காவல்துறையினர் 2024-இல் எச்சரித்தனர். அத்தகைய செயலி குறுஞ்செய்திகளைப் படித்து, வங்கியின் கடவுஎண்ணைக் கவர்ந்துவிடும். ஆதலின் ஆட்டோஸ்டார்ட் பட்டியலில் இன்னதென்று அறியாத செயலி இருப்பின், அதற்குரிய இசைவை நீக்கி, விவரம் அறிந்தவரிடம் உடனே காட்டுக.

நம் இளைஞர்க்கு ஒரு வேண்டுகோள். வரும் ஞாயிறன்று கால்மணி நேரம் ஒதுக்கி, உங்கள் தெருவில் கடை நடத்தும் அண்ணாச்சி, அக்காமார் ஆகியோரின் கருவிகளை இவ்வாறு அமைத்துக் கொடுங்கள். அமைத்ததை அவர்கள் கையாலேயே ஒருமுறை செய்யச் சொல்லிக் கற்பியுங்கள்.