எந்தச் சாவி?

பி.காம். படித்தவனுக்குப் பூஞ்சைக் கிருமியைப் பற்றி என்ன தெரியும் என்பீர்கள். திண்டுக்கல்காரனுக்குப் பூட்டு தெரியுமே! நாகல்நகரில் நாலு மாங்காய்ப் பூட்டுகளை வரிசையாக வைத்தால் எல்லாம் ஒரே ஜாடை. எந்தச் சாவி திறக்கும் என்பது போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

ரத்தத்தில் நுழைந்துவிட்ட ஈஸ்ட்டும் அப்படித்தான். (பன்னை உப்ப வைக்கிற சாதுவைச் சொல்லவில்லை. அதன் போக்கிரிப் பங்காளி கேண்டிடா.) 2009-ல் ஜப்பானில் ஒரு பாட்டியின் காதிலிருந்து எடுத்த புது வகைக்குக் 'கேண்டிடா ஆரிஸ்' என்று பெயர் வைத்தார்கள். 2013-ல் டெல்லி வல்லபாய் படேல் மார்புநோய் நிலையத்தின் டாக்டர் அனுராதா சௌத்ரி குழுவினர், அங்கே 12 நோயாளிகளிடம் அதே ஆசாமியைப் பிடித்தார்கள். அடையாளம் சொல்லும் மிஷினோ அதை வேறொரு கேண்டிடா என்று சாதித்தது! 2009 முதல் 2017 வரை இந்தியாவில் சேர்த்த 350 ஆரிஸ்களில் 90 சதவிகிதம், வழக்கமான ஃப்ளூகோனசோலுக்கு மசியவில்லை.

அதனால்தான் சென்சிடிவிட்டி டெஸ்ட். 96 குழிகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு. குழிக்குக் குழி மருந்து இரட்டிப்பாகும். கிருமியை விட்டு 35 டிகிரியில் ஒரு நாள் வைப்பார்கள். எந்த அளவில் அதன் கொட்டம் அடங்குகிறதோ, அதுதான் நம்பர். நம்பர் மட்டும் போதாது, பெயரும் வேண்டும். ஃப்ளூகோனசோல் என்றால் அல்பிகன்ஸ் வகைக்கு 2-க்குள் பாஸ், 8 என்றால் ஃபெயில். ஆரிஸுக்கு 32-ல் கோடு.

எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் ஐ.சி.யூ.வில் இருந்தபோது அவர் மகள் கேட்டாள்: "மூணு நாளா ரிப்போர்ட் வரலேண்ணே. வேற லேபுக்குக் குடுப்போமா?"

"கிருமி வளர்ந்தாத்தானே தங்கச்சி, எந்த மருந்துக்கு அடங்குதுன்னு பாக்க முடியும்?"

"அதுவரைக்கும் அப்பா உடம்புக்குள்ளயும் வளருமே!"

சுருக்கென்றது. நியாயமான பயம்தான். அதனால்தான் டாக்டர்கள் ரிப்போர்ட்டுக்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதில்லை. எக்கினோகேண்டின் என்ற விலை கூடின ஊசியை முதலிலேயே ஆரம்பித்துவிடுகிறார்கள். அந்த பில்லைப் பார்த்துத்தான் அவள் அண்ணன், "மாத்திரை போதாதா?" என்று கவுண்ட்டரில் சண்டை போட்டிருக்கிறான்.

ஆறாம் நாள் போன் வந்தது.

"அல்பிகன்ஸாம்ணே. நம்பர் 0.5-ன்னு போட்டிருக்கு. ஊசியை நிறுத்திட்டு மாத்திரைக்கு மாத்திட்டாங்க. காய்ச்சலும் விட்டிருச்சு."