வேலைக்குத் திரும்பும் தேதி

கோடையில் ஐரோப்பா போகும் ஊழியர்கள் பொங்கல் முடிந்ததுமே மனிதவளப் பிரிவின் கதவைத் தட்டத் தொடங்கிவிடுவார்கள். விசாவுக்கு லீவு லெட்டர் வேண்டும். நம்மில் பலரிடம் இதற்கென்றே ஒரு பழைய வேர்டு கோப்பு இருக்கிறது. பெயரையும் தேதியையும் மாற்றி, சீல் குத்திக் கொடுத்துவிடுகிறோம், ஏதோ உபகாரம் செய்வதைப் போல.

ஷெங்கன் நாடுகளின் 2009ஆம் ஆண்டு விசா விதித்தொகுப்பின்படி, விசா முடிவதற்குள் ஊர் திரும்பிவிடுவார் என்று நம்புவதற்கான ஆவணங்களை விண்ணப்பதாரர் காட்ட வேண்டும். அவர் திரும்பும் எண்ணத்தில் நியாயமான ஐயம் எழுந்தால் விசாவை மறுக்கலாம். மாதச் சம்பளக்காரர் திரும்பி வருவார் என்பதற்கு நம் கடிதம் ஒரு முக்கியச் சாட்சி. ‘பயணத்துக்கு ஆட்சேபணை இல்லை’ என்ற ஒற்றை வரி எதற்குச் சாட்சி? பதவி, சம்பளம், பணியில் சேர்ந்த நாள், விடுப்பு அனுமதிக்கப்பட்ட நாட்கள், வேலைக்குத் திரும்பும் தேதி, இவை இருந்தால்தான் அது கடிதம். சில நிறுவனங்கள் அடியில் ‘இக்கடிதத்தால் நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை’ என்றும் சேர்க்கின்றன. சட்டப் பிரிவின் யோசனையாம்! சொன்னதை அதே தாளில் தாமே மறுப்பதுபோல் ஆகிவிடுகிறது.

சின்ன விஷயங்களும் இடிக்கும். நம் பதிவேட்டில் ‘கே. முருகன்’, பாஸ்போர்ட்டிலோ இனிஷியல் விரிந்து ‘கருப்பையா முருகன்’. கடிதத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரும், கூடவே பாஸ்போர்ட் எண்ணும் வேண்டும். விடுப்பு திங்கள் முதல் வெள்ளி வரை, விமான டிக்கெட்டோ முந்தைய சனி முதல் அடுத்த ஞாயிறு வரை என்றால், இரு பக்க வார விடுமுறையையும் ஒரு வரியில் குறித்துவிட வேண்டும்.

பெரிய சிக்கல் விடுப்பு மென்பொருளில் இருக்கிறது. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறையக் கூடாது. முடிவு சொல்ல 15 நாள், சில சமயம் 45 நாள்கூட ஆகும். ஆகவே மே மாதப் பயணத்துக்கு பிப்ரவரியிலேயே லீவு போட வேண்டியிருக்கிறது. ஈட்டிய விடுப்பு இன்னும் கணக்கில் ஏறவில்லை என்று மென்பொருள் அதைத் திருப்பி அனுப்புகிறது. மேலாளரோ, ‘முதல்ல விசா வரட்டும், அப்புறம் லீவைப் பார்க்கலாம்’ என்கிறார். விசாவோ லீவைக் கேட்கிறது. இந்தச் சுழலை ஊழியரால் அவிழ்க்க முடியாது. நாம்தான் அவிழ்க்க வேண்டும். வெளிநாட்டுப் பயண விடுப்பு என்று தனி வகை வைத்து, இனி சேரப்போகும் விடுப்பையும் கணக்கில் கொண்டு முன்கூட்டியே அனுமதிக்கலாம். விசா மறுக்கப்பட்டால் அனுமதி தானாக ரத்தாகும் என்பதை அக உத்தரவில் வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் எழுத வேண்டாம்.

கடிதம் உண்மைதானா என்று தூதரகத்திலிருந்து தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ விசாரிப்பதும் உண்டு. கையெழுத்திட்டவர் வேலையை விட்டே போயிருப்பார். வரவேற்பறையில் இருப்பவர் ‘அப்படி யாரும் இல்லையே’ என்பார். துணை ஆவணத்தின் உண்மைத்தன்மையில் ஐயம் எழுவதும் மறுப்புக்குக் காரணம்தான். விசாவுக்குக் கட்டிய கட்டணம் 90 யூரோ திரும்பாது. கடிதத்தில் தனிநபர் கைபேசி எண்ணுக்குப் பதில் பிரிவின் பொது மின்னஞ்சலையும், நிஜமாகவே எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண்ணையும் கொடுங்கள்.

நாம் இழுத்தடிக்கும் நாட்களில்தான் சில ஏஜென்ட்டுகள் ‘லெட்டர்ஹெட்டை நாங்களே போட்டுத் தருகிறோம்’ என்று முன்வருகிறார்கள். கேட்ட இரண்டு வேலைநாளில் கடிதம் தரும் அலுவலகத்தில் அவர்களுக்கு வேலை இருக்காது.