கப்கேக்கும் பக்கத்துத் தெரு அக்காவும்

மக்களே, கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்குப் போற கோஷ்டி இந்நேரம் டிக்கெட் எடுத்து வச்சிருக்கும். எங்க பக்கத்து ஆளுங்க இங்கே ஏழெட்டுக் குடும்பம் இருக்கோம். நான் கொழிஞ்சாம்பாறை, தங்கமணி மூணாறு எஸ்டேட், மத்தவங்க வேலந்தாவளம், பூப்பாறை, வண்டிப்பெரியாறு. எல்லாரும் கேரளாவுக்குள்ள பிறந்த தமிழ் ஆளுங்க. 'நீங்க மலையாளியா தமிழா'ங்கிற கேள்விக்கு ஆயுசு பூரா பதில் சொல்லி அலுத்தவங்க :-)

இந்தத் தடவை ஊர்ல டீனேஜ் பசங்களுக்கு ஏதாவது செய்யணும்னு பேச்சு வந்தது. கம்ப்யூட்டர் கிளாஸ், கெரியர் கைடன்ஸ் எல்லாம் போன வருஷங்கள்ல பார்த்தாச்சு. பசங்க கொட்டாவி விட்டாங்க. இங்கே நம்ம பிள்ளைங்களுக்குப் பொறந்தநாள் பார்ட்டியில கப்கேக் அலங்காரம் வச்சா ரெண்டு மணி நேரம் போனைத் தொடறதில்லை, அதையே அங்கேயும் வைக்கலாம்னு முடிவாச்சு. நல்ல யோசனைதான். உடனே ஒருத்தர் யூனிகார்ன் அச்சு, இன்னொருத்தர் ஃபாண்டன்ட், மூணாமவர் பன்னிரண்டு வகை ஸ்பிரிங்கிள்ஸ்னு பட்டியல் போட ஆரம்பிச்சாங்க. யார் கிளாஸ் எடுக்கிறதுன்னும் வரிசை கட்டி நின்னாங்க.

என் கருத்தை அங்கேயே சொன்னேன். இங்கேயும் எழுதறேன். கப்கேக் வைங்க, வேண்டாங்கல. ஆனா கிளாஸ் எடுக்கிறது நாமளா இருக்கக்கூடாது. அதே ஊர்ல வீட்டில கேக் செஞ்சு விக்கிற அக்கா யாராவது இருப்பாங்க. அவங்களைக் கூப்பிட்டு, பேசின கூலியைக் கையில கொடுத்து, அவங்களை வச்சு நடத்துங்க. பெட்டியில கொண்டு போற பொருளுக்கு ஆகிற காசை அவங்களுக்குக் கொடுத்தா போதும்.

கேரளாவுல கேக் என்னமோ நாம கொண்டு போய்க் காட்ட வேண்டிய அதிசயம் இல்லை. தலைச்சேரியில மம்பள்ளி பாப்பு 1880-ல பேக்கரி ஆரம்பிச்சார். முர்டாக் பிரவுன்ங்கிற தோட்டக்காரர் இங்கிலாந்து கேக்கைக் காட்டி இதே மாதிரி வேணும்னு கேட்க, 1883 கிறிஸ்துமஸுக்குச் செஞ்சு கொடுத்தார்னு சொல்வாங்க. இன்னைக்கு அங்கே முக்குக்கு முக்கு பேக்கரி. 2020 லாக்டவுன்ல வீட்டிலயே கேக் போட ஆரம்பிச்ச பெண்கள் ஏராளம். குடும்பஸ்ரீ 1998-ல ஆரம்பிச்சது, அதுல பிள்ளைங்களுக்குன்னே பாலசபைகள் இருக்கு. அந்தச் சேச்சிகளைக் கேட்டாலே, நல்லா கேக் போடற ஆள் யாருன்னு சொல்லிடுவாங்க.

ஏன் உள்ளூர் ஆள்தான் வேணும்ங்கிறேன்? முதல் காரணம் வெயிலும் குளிரும். நாம இங்கே ஏசி ரூம்ல பழகின பட்டர் ஐசிங் அங்கே நடக்காது. வெண்ணெய் 32லிருந்து 35 டிகிரிக்குள்ள உருகிடும். பாலக்காட்டுல 2016 ஏப்ரல்ல 41.9 டிகிரி அடிச்சது. மே மாசம் கொழிஞ்சாம்பாறையில ஃபேன் கீழே ரோஜாப்பூ சுழிச்சா, அது பூவா நிக்காது, பாயசமா ஓடும். உள்ளூர் அக்காவுக்கு இது தெரியும். வெண்ணெயில பாதியைக் குறைச்சு டால்டா சேர்ப்பாங்க, இல்லைன்னா பால் சேராத விப்பிங் கிரீம் பக்கம் போவாங்க, காலையில 7 மணிக்கே வேலையை ஆரம்பிப்பாங்க. (டால்டான்னதும் முகம் சுளிக்கிறவங்களுக்கு: 2022-லிருந்து இந்தியாவுல இந்த மாதிரி கொழுப்புல டிரான்ஸ் ஃபேட் 2 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாதுன்னு சட்டம் வந்தாச்சு.) மூணாறு கதையே தலைகீழ். ஜனவரியில சில எஸ்டேட்டுல பூஜ்ஜியத்தைத் தொடும். வெண்ணெய் கல்லு மாதிரி கிடக்கும். பையை எவ்வளவு அழுத்தினாலும் நாசில் வழியா வராது, பை கிழியும். அங்கே கிண்ணத்தை வெந்நீர் பாத்திரத்துல கொஞ்ச நேரம் உட்கார வச்சு இளக்கணும். இது எந்த யூடியூப் வெள்ளைக்காரம்மாவும் சொல்லாது.

இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியம். எஸ்டேட் லைன் வீட்டுல வளர்ற பையனோ பொண்ணோ பதினாறு வயசுல என்ன யோசிக்கும்? அப்பா அம்மா ரிட்டயர் ஆனா வீட்டைக் காலி பண்ணணும். வீட்டுல இன்னொருத்தர் தோட்ட வேலையில சேர்ந்தா வீடு நிக்கும். தினக்கூலி எவ்வளவு? 2015-ல மூணாறுல பெண் தொழிலாளர்கள் பெம்பிளை ஒருமைன்னு திரண்டு ரோட்டுல உட்கார்ந்தாங்களே, அந்தப் போராட்டத்துக்கு அப்புறம்தான் 232 ரூபாய் 301 ஆச்சு. அந்த வீட்டுப் பிள்ளை முன்னாடி, அம்மாவோட ஒரு நாள் கூலியை விட விலை கூடின ஸ்பிரிங்கிள்ஸ் டப்பாவைத் திறந்து வச்சு நாம 'என்ஜாய் பண்ணுங்க' சொன்னா, அது என்ன கத்துக்கும்? இதெல்லாம் ஃபாரின் சமாச்சாரம், நமக்கில்லைன்னு கத்துக்கும். அதுவே தன் பக்கத்துத் தெரு அக்கா பால் கவர் மூலையைக் கத்தரிச்சு, அதுல ஐசிங் போட்டு, 'இந்தக் கேக்குக்கு இவ்வளவு செலவாச்சு, இவ்வளவுக்கு விக்கிறேன்'னு கணக்கோட சொன்னா கதை வேற.

மூணாறுலயே இதுக்கு முன்னோடி இருக்கு. தோட்டத் தொழிலாளர் வீட்டு மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்காக 1991-ல டேர் பள்ளி ஆரம்பிச்சாங்க. ஸ்ருஷ்டின்னு பேர் வாங்கின அந்த அமைப்பு, வளர்ந்த பிள்ளைகளுக்கு வேலையும் உண்டாக்கினது. ஆரண்யாவுல இயற்கைச் சாயத் துணி, அதுல்யாவுல கைக்காகிதம், நிசர்காவுல ஸ்ட்ராபெரி ஜாம், டெலியில ரொட்டியும் கேக்கும். பாவம்னு யாரும் பரிசு கொடுத்து அனுப்பலை. மாவைக் கையில கொடுத்து, பக்குவம் சொல்லிக் கொடுத்து, விக்கிற தரத்துல கேட்டாங்க. நம்ம ரெண்டு மணி நேரக் கூத்து அந்த அளவுக்குப் போகாது, ஒத்துக்கறேன். ஆனா பிள்ளைங்களை எப்படி நடத்தணும்ங்கிறதை அங்கே பார்த்துக்கலாம்.

'பசங்க சந்தோஷமா இருக்கட்டுமே, அதுலயும் தொழிற்கல்வியா'ன்னு நண்பர் ஒருத்தர் கோபப்பட்டார். பதினஞ்சு வயசுப் பையனை எட்டு வயசுக் குழந்தையா நடத்தறதுதான் சந்தோஷத்தைக் கெடுக்குதுன்னு நான் நினைக்கிறேன். அந்த வயசுக்குக் கஷ்டமான வேலையைக் கொடுத்துப் பாருங்க. ஐசிங் பையைப் பாதிக்கு மேல நிரப்பாதே, மேல் கையால அழுத்து, கீழ் கை வழி மட்டும் காட்டட்டும், கேக் முழுசா ஆறலைன்னா தொடாதே. இந்த நாலு விதியைச் சொல்லி, முதல் அரை மணி நேரம் எவர்சில்வர் தட்டுல மட்டும் பழக விடணும். தட்டுல போட்டதை வழிச்சு மறுபடி பையிலேயே போட்டுக்கலாம், வீணாகாது. மருதாணி கோன் பிடிச்ச கை, வாசல்ல கோலம் போட்ட கை அஞ்சே நிமிஷத்துல பிடிச்சுக்கும். நம்மகூட வர்ற வெளிநாட்டுப் பிள்ளைங்களை அதே மேஜையில உட்கார வைங்க. இங்கிலீஷ்ல யார் உசத்தின்னு அங்கே யாரும் பார்க்க மாட்டாங்க. எஸ்டேட் பொண்ணு போடற சுழியை நம்ம பிள்ளை வாயைப் பிளந்து பார்க்கும். அது அதுக்கு நல்லது.

போட்டி, முதல் பரிசு, நடுவர் எல்லாம் தயவுசெய்து வேண்டாம். பரிசுன்னு சொன்ன நிமிஷமே நல்லா வரையற நாலு பேர் மட்டும் உட்காருவாங்க, மிச்சம் பேர் சுவர்ல சாஞ்சு நின்னு கேலி பண்ணுவாங்க. பையன்களைப் பாத்திரம் தூக்க மட்டும் கூப்பிடற வழக்கமும் வேண்டாம். பேக்கரிக்குள்ள போய்ப் பாருங்க, மாவு பிசையறது முக்கால்வாசி ஆம்பளைங்கதான்.

இன்னொன்னு. எல்லைப் பிள்ளைங்கள்ல நிறைய பேர் வீட்டுல தமிழ், பள்ளியில மலையாளமோ இங்கிலீஷோ. பேசுவாங்க, எழுத வராது. இங்கே நம்ம பிள்ளைங்க நிலைமையும் அதேதான். கப்கேக் தலையில ஒரே ஒரு எழுத்துக்குத்தான் இடம் இருக்கு. ஐசிங்குக்கு நேர்கோடும் முனையும் ஆகாது, முனையில திரும்பும்போது கோடு அறும். வளைவுன்னா வழுக்கிட்டுப் போகும். அ, ழ, ஞ எல்லாம் ஐசிங்குக்குன்னே செஞ்ச எழுத்து மாதிரி இருக்கும். தன் பேரை ஒரு கேக்குக்கு ஓர் எழுத்தா எழுதி வரிசையா வைக்கச் சொல்லலாம். தப்பா எழுதினா திருத்த ஓடாதீங்க. அக்கா சொல்லிக்குவாங்க, இல்லை பக்கத்துல இருக்கிற பிள்ளையே சொல்லிடும்.

கப்கேக்ங்கிற பேருக்கே, கோப்பையில வேக வச்சதாலன்னும் கோப்பையால அளந்ததாலன்னும் ரெண்டு காரணம் சொல்வாங்க. 1828-லயே எலிஸா லெஸ்லிங்கிற அமெரிக்க அம்மா சமையல் புத்தகத்துல அந்தப் பேர் வந்தாச்சு. உழக்கும் நாழியும் வச்சு அளந்த எங்க அம்மிச்சிக்கு இது ஒண்ணும் புதுசா இருந்திருக்காது. மறையூர் சர்க்கரையும் வண்டன்மேட்டு ஏலக்காயும் பக்கத்துலயே கிடைக்கும்போது வெனிலா எசென்ஸை ஏன் சுமந்துட்டுப் போறீங்கன்னும் கேட்டு வைக்கிறேன். மறையூர் வெல்லத்துக்கு 2019-ல புவிசார் குறியீடே கிடைச்சாச்சு. கேக்குக்குள்ள போட்டா நிறமும் மணமும் தனி. மேல போடற ஐசிங்குக்கு மட்டும் ஐசிங் சுகர்தான் வேணும், வெல்லம் அங்கே நறநறன்னு நிக்கும்.

கொசுறு: அக்ரஹாரத்துப் பிள்ளைங்க வந்தா முட்டை இல்லாத கேக் தனியா வேணும், தயிரும் சமையல் சோடாவும் போட்டு அக்காவே செஞ்சிடுவாங்க. மார்ஷ்மெல்லோவுல ஜெலட்டின் இருக்கும், சைவக்காரங்களுக்கும் முஸ்லிம் பிள்ளைங்களுக்கும் ஆகாது, அதை இங்கிருந்து தூக்கிட்டுப் போகாதீங்க. பெட்டியில இடம் மிச்சம் இருந்தா நல்ல ஸ்டீல் நாசில் நாலஞ்சு வாங்கிட்டுப் போய், கிளாஸ் முடிஞ்சதும் அந்த அக்காகிட்டயே விட்டுட்டு வாங்க.