வைத்தியம் இலவசம், வரி யார் தலையில்?
கனடாவில் நிலைத்தது, அமெரிக்காவில் கவிழ்ந்தது!

"எல்லோருக்கும் இலவச வைத்தியம்" என்றால் கை தட்டாத ஆளே கிடையாது. "சரி, காசு யாரு கொடுக்கிறது?" என்று கேட்டால்தான் கூட்டம் கலையும்! இந்தக் கேள்விக்கு முதலிலேயே பதில் சொன்ன மாநிலம் ஒன்று. கடைசிவரை தள்ளிப்போட்ட மாநிலம் இன்னொன்று.

ஊர் வரியில் டாக்டர்

முதலாவது, கனடாவின் சஸ்காச்சுவான். கோதுமை விளையும் பூமி. 1920-களிலேயே அங்கே கிராமத்து ஜனங்கள் ஊர் வரிப் பணத்தில் சம்பளம் கொடுத்து டாக்டரை வைத்துக்கொண்டார்கள். 1946-ல் ஸ்விஃப்ட் கரண்ட் என்ற வட்டாரம், தலைக்கு இவ்வளவு, சொத்துக்கு இவ்வளவு என்று வசூலித்து, எல்லோருடைய வைத்தியச் செலவையும் பொதுவில் ஏற்றது.

1960 தேர்தலில் முதல்வர் டாமி டக்ளஸ், "மாநிலம் பூராவுக்கும் இந்த வசதி" என்று சொல்லியே ஓட்டுக் கேட்டார், ஜெயித்தார். 1961-ல் சட்டம் வந்தது. கூடவே வரியும் ஏறியது. விற்பனை வரி 3 சதவீதம் இருந்தது 5 ஆனது!

1962 ஜூலை 1-ல் திட்டம் அமல். அன்றைக்கே டாக்டர்கள் வேலைநிறுத்தம்! அப்போது முதல்வராக இருந்தவர் வுட்ரோ லாய்டு. பிரிட்டனிலிருந்து டாக்டர்களை வரவழைத்துச் சமாளித்தார். 23-வது நாள் சமரசம்.

1964-ல் ஆளுங்கட்சி தோற்றது. ஆனால் புதிதாக வந்த லிபரல் ஆட்சி திட்டத்தை ரத்து செய்யவில்லை. 1966-ல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. 1972-க்குள் கனடாவின் எல்லா மாநிலங்களும் சேர்ந்துவிட்டன.

பில் வந்தது, மயக்கம் வந்தது!

இரண்டாவது, அமெரிக்காவின் வெர்மான்ட். ஜனத்தொகை 6 லட்சத்துச் சொச்சம். 2011 மே மாதம் கவர்னர் பீட்டர் ஷம்லின் எல்லோருக்குமான வைத்தியச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ஒரே கொண்டாட்டம்! வரி எவ்வளவு என்ற கணக்கு மட்டும் வெளியே வரவில்லை. 2014 நவம்பர் தேர்தலில் அவர் பாதி ஓட்டுகூட வாங்கவில்லை, தப்பிப் பிழைத்தார்.

டிசம்பரில் கணக்கு வெளியானது. முதலாளிகள் சம்பளப் பட்டியலில் 11.5 சதவீதம் வரி; தனி ஆள் வருமானத்தில் 9.5 சதவீதம் வரை வரி! தனியார் இன்ஷூரன்ஸ் பிரீமியம் மிச்சமாகும் என்பது வாஸ்தவம். ஆனால் தொழிலாளிக்கு இன்ஷூரன்சே கட்டாத சின்னக் கடைக்காரருக்கு அது புதுச் செலவுதானே? கவர்னரே திட்டத்தைக் கைவிட்டார்.

சஸ்காச்சுவானில் ஆட்சி போயிற்று, திட்டம் நின்றது. வெர்மான்ட்டில் ஆட்சி நின்றது, திட்டம் போயிற்று!

காரணம் பல சொல்லலாம். முக்கியமானது இது: கோதுமைக்காட்டு ஜனங்கள் வரி கட்டி வைத்தியம் பார்த்துப் பழகியவர்கள். கொடுத்த காசுக்கு டாக்டர் வீட்டுக்கு வந்ததைக் கண்ணால் கண்டவர்கள். வெர்மான்ட் ஜனங்கள் கண்டதோ மூன்றரை வருஷம் கழித்து வந்த பில் மட்டுமே.

சாப்பாடு போடுமுன் விலையைச் சொல்லிவிட்டால் சண்டை அப்போதே முடிந்துவிடும். இலை எடுக்கும்போது சொன்னால்?