விரிசல் எங்கே?

சந்தையில் மண்பானை வாங்கும் பாட்டி, விலை பேசுவதற்கு முன் அதை ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பாள். 'கணீர்' என்றால் நல்ல பானை; 'சொத்' என்றால் எங்கோ கீறல். பானையை உடைக்காமலே நடக்கும் பரீட்சை! சரி, ஆகாய விமானத்தை எப்படித் தட்டிப் பார்ப்பது?

அதற்கும் வழி உண்டு, நேயர்களே! 1831-ல் மைக்கேல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் அதற்கு அடிப்படை. பேனா அளவுள்ள கருவி; அதன் நுனியில் சின்னஞ்சிறு கம்பிச் சுருள். திசை மாறி மாறி ஓடும் மின்சாரத்தை அதில் செலுத்தி உலோகத்தின் அருகே கொண்டு போனால், உலோகத்துக்குள்ளும் மின்சாரம் பிறந்து, ஆற்றுச் சுழல்போல வட்டமிடுகிறது. குறுக்கே விரிசல் இருந்தால் அதைச் சுற்றிக்கொண்டு போகிறது. அந்தத் தடுமாற்றம் கம்பிச் சுருளுக்கு எட்டுகிறது. மீட்டரில் முள் துள்ளுகிறது. பெயிண்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் மயிரிழை விரிசலும் இப்படி அகப்பட்டுக்கொள்ளும்.

இவ்வளவு இருந்தும் 1988 ஏப்ரல் 28-ல் ஹவாய்த் தீவுகளில் என்ன நடந்தது, தெரியுமா? ஹீலோவிலிருந்து ஹொனலூலுவுக்குப் பறந்த அலோஹா விமானத்தின் கூரை, 24,000 அடி உயரத்தில், சுமார் 18 அடி நீளத்துக்குப் பிய்த்துக்கொண்டு போயிற்று! பணிப்பெண் ஒருவர் வெளியே இழுக்கப்பட்டு மாண்டார். மற்ற 94 பேரும் உயிரோடு தரை இறங்கியது பேரதிசயம்.

அந்த விமானத்துக்கு 19 வயது. அதுவரை 89,680 தடவை பறந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் உள்ளே அடைத்த காற்றினால் அதன் உடல் சற்றே உப்பி, இறங்கியதும் தளரும். கடற்காற்றின் உப்பு வேறு. ஆணித் துளைகளின் ஓரத்தில் விரிசல்கள் தோன்றி, ஒன்றோடொன்று கை கோத்துவிட்டன.

பராமரிப்பு முறை அவற்றைக் கண்டுபிடிக்கத் தவறியதே காரணம் என்றது அமெரிக்க விசாரணைக் குழு. கருவியைப் பிடிப்பவன் மனிதன் அல்லவா? ஆணிக்குப் பின் ஆணியாக, இரவு வேளையில் பார்த்துக்கொண்டே போனால் யாருக்கும் கண் அசரும், மனம் சலிக்கும்.

இன்னொரு செய்தி: விமானத்தில் ஏறும்போதே ஒரு பிரயாணி அதன் உடலில் ஒரு விரிசலைக் கண்டாராம். யாரிடமும் வாய் திறக்கவில்லை! 'நமக்கேன் வம்பு?' என்ற எண்ணமோ, 'அவர்களுக்குத் தெரியாததா?' என்ற நம்பிக்கையோ!

ஆகவே நேயர்களே, விமானமோ, பஸ்ஸோ, வீட்டு காஸ் குழாயோ, கண்ணில் பட்டதை உரியவரிடம் சொல்லிவிடுங்கள். சந்தேகம் வீணாகப் போனால் நஷ்டமில்லை. மௌனம் வீணாகப் போனால்தான் நஷ்டம்.