இடமறிதலும் வளம் பேணலும்

பூமிசாத்திரம் கற்பிக்கப் புகும் ஆசிரியர் முதற்கண் கூறுவது ஓர் இடத்தின் இருப்பையே. நுவரெலியா நகரம் வட அகலக்கோடு 6 பாகை 57 கலையிலும், கிழக்கு நெடுங்கோடு 80 பாகை 47 கலையிலும், கடல்மட்டத்திலிருந்து 6,100 அடிக்குச் சற்று மேலான உயரத்திலும் அமைந்துள்ளது. இவ்வளவையும் மனனஞ் செய்த மாணவன் பரீட்சையிற் சித்தியெய்துவான். ஆயின், அந்நகரைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில் வாழும் ஒருவருக்குக் கடிதம் எழுத அவன் விரும்பினால், உறையின்மேல் எதனை எழுதுவான்?

தோட்டங்கள் அளக்கப்படாத நிலங்களல்ல. எமது நாட்டின் நில அளவைத் திணைக்களம் 1800 ஆம் ஆண்டிலேயே தோன்றியது. தோட்டத்தின் ஒவ்வொரு மலைக்கும் இலக்கமுண்டு. அதன் பரப்பு எத்தனை ஏக்கர், செடி நட்ட ஆண்டு எது, இறுதியாகக் கவ்வாத்து வெட்டியது எப்போது என்பனவெல்லாம் கந்தோர்ப் புத்தகத்திற் பதியப்பட்டிருக்கும். யாழ்ப்பாணத்தினின்றும் சென்று அக்கந்தோர்களில் எழுதுவினைஞராய்ப் பணிபுரிந்தோர் எம்மவருட் பலர். அப்புத்தகங்களை அழகிய கையெழுத்தில் நிரப்பிய கைகளுட் சில எமதூர்க் கைகளே. ஆயினும் அம்மலையிற் கொழுந்தெடுக்கும் பெண்ணின் வீட்டுக்கு இலக்கமில்லை. பல தோட்டங்களிலே நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்குத் தோட்டத்தின் பெயரொன்றே முகவரியாயிற்று. கடிதம் கந்தோருக்கு வரும். ஆங்கிருந்து உரியவர் கையை அடைவது கொண்டுசெல்வாரின் வசதியைப் பொறுத்தது. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு, பரீட்சை கழிந்தபின் வந்துசேர்தல் மலையகத்திற் புதுமையன்று. இத்தகைய மக்களிடமே 1949 ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டம், மணமானவராயின் ஏழாண்டும் மணமாகாதவராயின் பத்தாண்டும் இடைவிடாது வதிந்தமைக்குச் சான்று கேட்டது!

இது தபாற்காரரின் தொல்லை மட்டுமெனச் சிலர் நினைக்கலாம். அவர்களுக்கு நாம் மீரியபெத்தையை நினைவூட்டுவோம். மலைநாட்டின் தென்சரிவிலே, கொஸ்லந்தையை அடுத்துள்ள அத்தோட்டத்தில், 2014 ஒக்டோபர் 29 ஆந் திகதி காலையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அவ்விடம் குடியிருப்புக்கு ஏற்றதன்று எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை தாளில் இருந்தது. மக்கள் லயத்தில் இருந்தனர். புதையுண்டோர் எத்தனை பேர் என்ற வினாவுக்கும் உடனே விடை கிடைத்திலது. முதலில் நூற்றுக்கணக்கானோர் என்றனர். பின்னர் அத்தொகையைக் குறைத்தனர். தேயிலைச் செடியைக் கணக்கிட்டு வைத்த நாட்டில், ஒரு லயத்தில் எவரெவர் உறங்கினர் என்பது கணக்கில் இல்லாது போயிற்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் கொணர்ந்த மழையிலும் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் மலைகள் மீண்டும் சரிந்தன.

மலை ஏன் சரிகின்றது? மழையும் செங்குத்தான சரிவும் இயற்கை தந்தவை. அவற்றை மாற்ற எவராலும் இயலாது. ஆயினும் அச்சரிவை மனிதன் எவ்வாறு பயன்படுத்தினான் என்பதும் இதிற் பெரும் பங்குடையது. கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாகக் காடுகள் மலையுச்சிவரை அழிந்து வந்த காலத்தில், 1873 ஆம் ஆண்டு, கியூ தாவரத் தோட்டத்தின் தலைவரான ஜோசப் ஹூக்கர், ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளிற் கைவைத்தல் ஆகாதென அரசுக்கு ஆலோசனை கூறினார். ஓட்டன் சமவெளிக் காடு இன்றும் எஞ்சி நிற்பது அவ்வாலோசனையின் பயனாகும். மகாவலி, களனி, வளவை என்னும் மூன்று கங்கைகளுக்கும் நீர் ஊட்டும் ஓடைகள் அங்கே பிறக்கின்றன. அதற்குக் கீழேயுள்ள சரிவுகளுக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. மலைநாட்டுத் தேயிலை நிலங்கள் நூறாண்டுக் காலத்தில் ஏறக்குறைய ஓரடி மேன்மண்ணை இழந்தன என்பது மண்ணியலார் மதிப்பீடு.

போன மண் எங்கே போயிற்று? இதனை அறியவும் இடமறிதல் வேண்டும். டிக்கோயாவிற் பெய்யும் மழை கெஹெல்கமு ஓயா வழியாகக் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் விழுந்து, இலக்சபானை மின்னிலையத்தின் பொறிகளைச் சுழற்றி, களனியாகிக் கொழும்பின் அருகே கடலிற் கலக்கும். மலைமுகட்டுக்கு அப்பால், தலவாக்கலையிற் பெய்யும் மழையோ கொத்மலை ஓயாவாகி, மகாவலியிற் சேர்ந்து, திருகோணமலைக் கொட்டியாரக் குடாவை அடையும். சில கல் தொலைவு வேறுபட்டால் நீர் தீவின் இருவேறு கரைகளுக்குப் போகின்றது. நீரோடு மண்ணும் போகின்றது. போகும் வழியில் நீர்த்தேக்கங்களின் அடியிற் படிகின்றது. 1976 ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற பொல்கொல்லைத் தேக்கம் சில ஆண்டுகளுக்குள்ளேயே வண்டலால் நிறையத் தொடங்கியதை நாம் கண்டோம். விமலசுரேந்திரர் 1918 இலே நீர்மின்வலுவைப் பற்றி ஆய்ந்தெழுதி, 1950 இல் இலக்சபானையிற் பலித்த பெருங்கனவு, லயத்தின் பின்புறத்து மண்ணைக் காப்பதிலேயே தங்கியிருக்கின்றது. (அம்மின்னொளி கொழும்பை அடைந்து நெடுங்காலமான பின்னரும் லயங்கள் பல மண்ணெண்ணெய் விளக்கோடு இருந்தமை தனியே எழுதவேண்டிய கதை.)

அம்மண்ணைக் காக்கும் வித்தையைத் தோட்டத் தொழிலாளர் அறிவர். சரிவுக்குக் குறுக்கே, சமவுயரத்தை அனுசரித்துக் கான் வெட்டுதல் பழைய தோட்டங்களின் முதல் வேலைகளுள் ஒன்று. எந்தக் கான் ஐப்பசி மழையில் நிரம்பி வழியும், எந்த ஊற்று திடீரெனக் கலங்கும், எந்தப் பாறையின் கீழ் நிலம் வெடித்துள்ளது என்பது கான் வெட்டிய முதியவருக்குத் தெரியும். ஆட்குறைவென்றும் செலவென்றும் கூறி நிருவாகங்கள் இவ்வேலையைப் புறக்கணித்தல் கண்கெட்ட செயலென்றே நாம் கருதுகின்றோம். இடப்பெயர்களிலும் இவ்வறிவு பொதிந்து கிடக்கின்றது. சிவனொளிபாதமலை அடிவாரத்திலே ஆங்கிலேயர் டல்ஹௌசி எனப் பெயரிட்ட இடத்தை எம்மக்கள் நல்லதண்ணி என்றனர். முன்னைய பெயர் ஒரு பிரபுவை நினைவூட்டுகின்றது. பின்னையது நல்ல நீர் எங்கே உண்டென்று சொல்கின்றது.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வலயங்களைப் பத்தாயிரத்துக்கு ஒன்று என்னும் அளவில் தேசப்படங்களாக வரைந்துள்ளது. அப்படங்களை லயத்தின் வாயிலுக்குக் கொணர்தலே குறைவேலை. இது அரசின் கடன் அன்றோ எனின், ஆம். ஆயினும் அரசு வருந்துணையும் மழை காத்திராது. ஹற்றன், நோர்வூட், மஸ்கெலியா, தலவாக்கலைப் பாடசாலைகளின் மேல்வகுப்பு மாணவர், தத்தம் தோட்டத்து லயங்களையும், ஊற்றுக்களையும், கான்களையும், நில வெடிப்புக்களையும் முதியோரை உசாவிப் படமாக வரைவாராக. அகலக்கோடும் நெடுங்கோடும் இக்காலத்திற் கைத்தொலைபேசியே காட்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓரிலக்கம் அப்படத்திலே இடப்படல் வேண்டும். அதன் பிரதிகள் மூன்று: ஒன்று பிரதேச செயலகத்துக்கு, ஒன்று தபாலகத்துக்கு, ஒன்று லயத்துச் சுவருக்கு. நில அளவையாளராயும் பொறியியலாளராயும் ஆசிரியராயும் உள்ள எமது பழைய மாணவர், அடுத்த விடுமுறையில் ஒரு கிழமையை இப்பணிக்கு ஒதுக்கி, ஒரு தோட்டத்திலேனும் இதனைத் தொடங்கி வைப்பார்களாயின், ஐப்பசி மழைக்கு முன் முதற் படம் சுவரேறிவிடும்.