ராத்திரி நாற்பதுக்கு மேல வேண்டாம் சொந்தங்களே!



நம்ம ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் பைக்ல போனவர் மிளா மேல மோதிட்டார், காட்டுப்பன்றி குறுக்கே வந்து விழுந்துட்டார்னு ஒரு செய்தி வந்தா, கமெண்ட்ல ரெண்டே வகைதான். ஒண்ணு, "விதி, என்ன செய்ய." இன்னொண்ணு, "எல்லாத்தையும் சுட்டுத் தள்ளுங்க."

ரெண்டுமே தப்புன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு. விதின்னு சொல்லிட்டா யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்ல. சுடுங்கன்னு சொல்லிட்டா கோபம் தீரும், ரோடு அப்படியேதான் இருக்கும். நாளைக்கு ராத்திரி ஷிப்ட் முடிச்சு அதே ரோட்டுல இன்னொரு அண்ணன் வருவார்.

முதல்ல நம்ம ஊர் எங்க இருக்குன்னு பார்ப்போம். மேற்கே முழுக்க மலை. 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயம் அறிவிச்சாங்க. 2021 பிப்ரவரியில் அதையும் மேகமலையையும் சேர்த்து புலிகள் காப்பகம் ஆக்கினாங்க. இந்தியாவுல 51-வது, தமிழ்நாட்டுல 5-வது. பரப்பு சுமார் 1,016 சதுர கிலோமீட்டர். அந்த மலை முடியுற இடத்துல வெட்டவெளி கிடையாது. நேரா மாந்தோப்பு, தென்னந்தோப்பு, அதை ஒட்டி ரோடு. அய்யனார் கோவில் ரோடு, செண்பகத்தோப்பு ரோடு, மம்சாபுரம், சேத்தூர், தேவதானம், அங்கிட்டு வத்திராயிருப்புல இருந்து பிளவக்கல், தாணிப்பாறை போற வழி எல்லாமே இப்படித்தான். எல்லைக் கல்லு நமக்குத்தான் தெரியும், யானைக்குத் தெரியாது. கோடையில மேல தண்ணி வத்தினா கீழ வரும். சப்பட்டை பழுக்கிற வாசம் வந்தா கேட்கவே வேண்டாம்.

அந்த ரோட்டுல யார் போறாங்க? சும்மா ஊர் சுத்துற பயலுக மட்டும் இல்ல. மில்லுல ராத்திரி ஷிப்ட் முடிச்சு வர்றவங்க, விடியுமுன்ன பால் கேனைக் கட்டிக்கிட்டு வர்றவங்க, தோப்புக் காவலுக்குப் போறவங்க, கோவிலுக்குப் போற குடும்பங்க. விலங்கு அதிகமா நடமாடுறதும் அதே நேரம்தான்: பொழுது சாயுறப்பவும், விடியுறதுக்கு முன்னாடியும்.

ஒரு சின்ன கணக்கு

இன்ஜினியரிங் படிச்சதுக்கு இதையாவது செய்றேன். பாதையில ஏதோ நிக்குதுன்னு கண்ணுல பட்டு, மூளைக்குப் போய், கை பிரேக்கைப் பிடிக்க சுமார் ஒன்றரை செகண்ட் ஆகும். அந்த நேரமும் வண்டி ஓடிக்கிட்டேதான் இருக்கும். பிறகு பிரேக் பிடிச்சு நிக்கிற தூரம். காய்ஞ்ச தார் ரோடு, நல்ல டயர், ரெண்டு பிரேக்கும் சேர்த்துப் பிடிச்சதா வெச்சுக் கணக்குப் போட்டா:

மணிக்கு 40 கி.மீ. வேகம்: நிக்க சுமார் 27 மீட்டர்.
60 கி.மீ. வேகம்: சுமார் 48 மீட்டர்.
80 கி.மீ. வேகம்: சுமார் 75 மீட்டர்.

இப்போ ஹெட்லைட்டைப் பாருங்க. சாதாரண பைக்கோட லோ பீம் தெளிவாக் காட்டுறது 30-லிருந்து 40 மீட்டர். அதாவது 60-ல போறவர் விலங்கைப் பார்க்கும்போதே முட்டப் போறது முடிவாகிடுச்சு. அவர் எவ்வளவு பெரிய வண்டி ஓட்டியா இருந்தாலும் சரி. 40-ல போறவருக்கு மட்டும்தான் நிறுத்த இடம் மிச்சம் இருக்கு. வேகம் ஒன்றரை மடங்கானா பிரேக் தூரம் ரெண்டேகால் மடங்கு ஆகுது. மழை பெஞ்சு ரோடு ஈரமா இருந்தா 40-ம் அதிகம்.

"நாற்பதுல போனா எப்போ வீடு சேர்றது?"ன்னு கேட்பீங்க. 10 கி.மீ. தூரத்தை 60-ல போனா 10 நிமிஷம், 40-ல போனா 15 நிமிஷம். வித்தியாசம் அஞ்சே நிமிஷம். டீக்கடையில நம்ம கட்சி அரசியல் பேசுறதுக்கே அதைவிட அதிக நேரம் ஆகுது!

எது எப்படி வரும்?

காட்டுப்பன்றி: இதோட கண்ணு லைட்ல மின்னாது. மாட்டுக் கண்ணு, மான் கண்ணு மாதிரி தூரத்துலயே ரெண்டு புள்ளி தெரியும்னு எதிர்பார்த்தா ஏமாந்துடுவீங்க. உடம்பும் கறுப்பு, உயரமும் குறைவு. ஒண்ணு ஓடினா பின்னாடியே குட்டிங்க வரிசையா வரும்.

மிளா, புள்ளிமான்: கண்ணு மின்னும். ஆனா ஹை பீம் பட்டா மிரண்டு நடு ரோட்டுலயே நின்னுடும், இல்ல எந்தப் பக்கம் துள்ளும்னு சொல்ல முடியாது. கண்ணு மின்னினதும் லைட்டைத் தாழ்த்தி, வேகத்தைக் குறைச்சு நிறுத்துங்க. ஒண்ணு கடந்துடுச்சுன்னு உடனே முறுக்காதீங்க, அடுத்தது புதருக்குள்ள நிக்கும்.

காட்டுமாடு: நல்லா வளர்ந்த கடா 800 கிலோ, 1,000 கிலோ வரை இருக்கும். கரிய உடம்பு இருட்டோட இருட்டாப் போயிடும். முழங்காலுக்குக் கீழ மட்டும் சாக்ஸ் போட்ட மாதிரி வெள்ளை. லோ பீம்ல முதல்ல தெரியுறது அந்த வெள்ளைக் கால்தான். ரோட்டுல வெள்ளையா நாலு கம்பு நட்ட மாதிரி தெரிஞ்சா, மேல ஒரு டன் இருக்குன்னு நினைச்சு நிறுத்துங்க.

யானை: நூறு மீட்டராவது தள்ளி நிறுத்தணும். ஹாரன் அடிக்காதீங்க, லைட்டை விட்டுவிட்டு அடிக்காதீங்க, ஆக்சிலரேட்டரை உறுமவிட்டு விரட்டப் பார்க்காதீங்க. கூட்டத்துக்கும் குட்டிக்கும் நடுவுல புகுந்து போகவே கூடாது. வண்டியைத் திருப்பி வந்த வழியே போயிடுங்க. திருப்ப நேரமில்லைன்னா வண்டியைப் போட்டுட்டு ஓடுங்க. வண்டி போனா தவணையில வாங்கிக்கலாம்.

எது வந்தாலும் பிரேக்கை நேர்கோட்டுல பிடிங்க. கடைசி நொடியில ஹேண்டில்பாரை வெட்டினா விலங்கு தப்பிச்சிடும், நீங்க புளியமரத்துல இருப்பீங்க. 125 சிசிக்கு மேல உள்ள புது வண்டிக்கு 2019 ஏப்ரல்ல இருந்து ஏபிஎஸ் கட்டாயம். ஆனா நம்ம மில் ரோட்டுல ஓடுறது பெரும்பாலும் 100 சிசி வண்டிதான். அதுல ஏபிஎஸ் இருக்காது. முன், பின் ரெண்டு பிரேக்கையும் சேர்த்து, அழுத்தத்தைக் கூட்டிக்கூட்டிப் பிடிச்சுப் பழகுங்க. ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்க் மேல இல்ல, தலை மேல போடுங்க.

"சுட்டுத் தள்ளுங்க" அண்ணன்களுக்கு

காட்டுப்பன்றியைப் பத்தி 2025 ஜனவரியிலேயே அரசாணை வந்தாச்சு. காப்புக்காட்டு எல்லையில இருந்து 3 கி.மீ. தாண்டி வந்து பயிரை அழிச்சா வனத்துறை சுடலாம். 1 கி.மீ.-க்குள்ள சுடக் கூடாது. நடுவுல உள்ள இடத்துல பிடிச்சுக் காட்டுக்குள்ள விடணும். நாம பேசுற ரோடெல்லாம் பெரும்பாலும் காட்டை ஒட்டியேதான் ஓடுது. அங்க துப்பாக்கி தீர்வே இல்ல. யானை, காட்டுமாடு ரெண்டும் 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணை, அதைப் பத்திப் பேச்சே கிடையாது.

"அப்போ ராத்திரி ரோட்டையே மூடலாமே"ன்னு சிலர் சொல்றாங்க. பந்திப்பூர்ல 2009-ல இருந்து இரவுத் தடை இருக்கு. திம்பம் மலைப்பாதையில சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2022 பிப்ரவரியில அமலுக்கு வந்துச்சு. ஆனா அதெல்லாம் காட்டை ஊடுருவிப் போற நெடுஞ்சாலை. நம்ம ரோடு தோப்புக்கும் வீட்டுக்கும் மில்லுக்கும் போற ரோடு. மூடினா நஷ்டம் கூலிக்காரனுக்குத்தான். மூட வேண்டாம், பாதுகாப்பா ஆக்குங்கன்னுதான் நாம கேட்கணும்.

அரசு செய்ய வேண்டியது

ஆளுறது யாரா இருந்தாலும் கேட்போம். நாற்பதுல போறது நம்ம கடமைன்னா, நாற்பதுல போறவனுக்கு ரெண்டு பக்கமும் தெரியுற மாதிரி ரோட்டை வெச்சிருக்கிறது அரசோட கடமை.

ஒண்ணு, ரோட்டோரம் மண்டிக் கிடக்கிற சீமைக்கருவேலத்தையும் புதரையும் ரெண்டு பக்கமும் ஒதுக்கி வெட்டணும். விலங்கு ரோட்டுல ஏறின பிறகு தெரியுறதுல பிரயோசனம் இல்ல, ஏறுறதுக்கு முன்னாடி தெரியணும்.

ரெண்டு, "வனவிலங்குகள் நடமாடும் பகுதி"ன்னு எங்கயோ ஒரு துருப்பிடிச்ச போர்டு போதாது. வழக்கமா கடக்கிற இடம் எதுன்னு வனத்துறைக்குத் தெரியும். அந்த இடத்துல ஒளிரும் பலகையும், வேகத்தைக் குறைக்கிற வரிவரியான தடுப்பும் வேணும்.

மூணு, வால்பாறையைப் பாருங்க. அங்க ஆனந்தகுமார்ங்கிற ஆராய்ச்சியாளரும் நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷனும் வனத்துறையோட சேர்ந்து ஒரு ஏற்பாடு செஞ்சாங்க. யானை எங்க நிக்குதுன்னு எஸ்எம்எஸ் போகும். லோக்கல் கேபிள் டிவியில கீழ எழுத்து ஓடும். முக்கியமான இடங்கள்ல கம்பத்துல சிவப்பு விளக்கு, அதைச் செல்போன்லயே எரிய வைக்கலாம். சிவப்பு எரிஞ்சா பக்கத்துல யானை இருக்கு, அவ்வளவுதான். படிக்கத் தெரியாத பாட்டிக்கும் புரியும். 2015-ல் அவருக்கு விட்லி விருது கிடைச்சது. மதுக்கரை ரயில் பாதையில 2024-ல் வனத்துறையே செயற்கை நுண்ணறிவு கேமரா வெச்சு ரயில்ல யானை அடிபடாம பார்த்துக்குது. கோயம்புத்தூர் மாவட்டத்துல முடியுறது விருதுநகர் மாவட்டத்துல ஏன் முடியாது? அய்யனார் கோவில் ரோட்டுலயும் செண்பகத்தோப்பு ரோட்டுலயும் சிவப்பு விளக்கு வேணும். இதுதான் நம்ம கோரிக்கை.

நாம செய்ய வேண்டியது

கோழிக்கழிவையும் கல்யாண மண்டபத்து எச்சில் இலையையும் ஊருக்கு வெளியே கொட்டுறதை நிறுத்தணும். அதுதான் பன்றிக்கு நாம வைக்கிற விருந்து.

நம்ம கையில பூத் வாரியா வாட்ஸ்அப் குரூப் இருக்கு. மீம் போடுற வேகத்துல "இன்ன ரோட்டுல யானை நிக்குது, சுத்திப் போங்க"ன்னு ஒரு வரி போடலாம். ஆனா வனத்துறைகிட்ட உறுதி பண்ணிட்டுப் போடுங்க, நேரத்தையும் சேர்த்துப் போடுங்க. வீடியோ வேண்டாம். வீடியோ போட்டா எச்சரிக்கை அழைப்பிதழ் ஆகிடும், ரீல்ஸ் எடுக்கக் கூட்டம் கூடிடும்.

கடைசியா இன்சூரன்ஸ். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தா, விலங்கு மேல மோதி நமக்கு அடிபட்டா நமக்குக் காசு வராது. 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு தனியா இருக்கான்னு பாலிசியை எடுத்துப் பாருங்க. அதுவும் வண்டி யார் பேர்ல இருக்கோ அவர், செல்லுபடியாகிற லைசென்ஸோட ஓட்டினாத்தான். அப்பா பேர்ல உள்ள வண்டியை மகன் ஓட்டினா அது அவனுக்குப் பொருந்தாது. அவனுக்குத் தனியா ஒரு விபத்துக் காப்பீடு எடுத்துடுங்க.

யாராவது அடிபட்டுக் கிடந்தா 108-க்கு அடிங்க. அடிபட்ட விலங்குகிட்ட போகாதீங்க, வனத்துறைக்குச் சொல்லுங்க.

இதை ராத்திரி ஷிப்ட் போற உங்க அண்ணனுக்கும் தம்பிக்கும் முதல்ல அனுப்புங்க. அப்புறம் உங்க வார்டு உறுப்பினருக்கும் எம்எல்ஏவுக்கும் டேக் பண்ணுங்க. நமக்கு ஓட்டு போட்டவர், போடாதவர் எல்லாரும் அதே ரோட்டுலதான் வீட்டுக்குப் போறாங்க.

#ராத்திரி40 #காட்டோரச்சாலைக்குச்சிவப்புவிளக்கு